மூணாப்புக்கு மறுபடியும் போன மருமகனுக்கு

உக்காரும் மருமகனே. கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? ராத்திரி பதினோரு மணிக்கும் உம்ம வீட்டுல லைட்டு எரிஞ்சுது. பயலுக்குக் காய்ச்சல்கீய்ச்சலோன்னு துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக் கெளம்பிட்டேன். உம்ம அத்தைதான் மறிச்சா. “பேசாமப் படும். அவரு தெர்மாகோல்ல எரிமலை செஞ்சுக்கிட்டிருக்காரு”ன்னா. பய எங்கேன்னு கேட்டேன். “அவன் எட்டரைக்கே தூங்கியாச்சு”ன்னா.

ரொம்பச் சந்தோசம். போன தடவை மூணாப்புல நீரு வாங்காத மார்க்கை இந்தத் தடவையாவது வாங்கிரும். சிஸ்டர் நல்ல மனசுக்காரவுக, வயசைப் பாக்காமப் போடுவாக.

உம்ம வீட்டம்மா சேதி அதைவிட விசேசமால்ல இருக்கு. வலது கையில எழுதுனா எழுத்து மணி மணியா விழுந்து டீச்சர் கண்டுபிடிச்சிருவாங்கன்னு, இடது கையால எழுதப் பழகிக்கிட்டிருக்காளாமே! கோணல்மாணலா எழுதுறதுக்குக்கூட இம்புட்டுப் பயிற்சி எடுக்குற தாயை இந்தக் கரிசக்காட்டுல நான் பாத்ததில்லை. இதுல வாட்ஸ்அப் குரூப்பு வேற. ராத்திரி ஒம்பது மணிக்கு ஒருத்தி, “இன்னிக்கு ஹோம் வொர்க் என்னக்கா?”ன்னு கேக்குறா. நாலு பேரு பதில் போடுறாக. அஞ்சாவது ஆளு கணக்குக்கு விடையையே போட்டோ புடிச்சுப் போட்டுறாரு. பிள்ளைக எல்லாம் தூங்குது, பெத்தவங்க எல்லாம் படிக்கிறாங்க. முதியோர் கல்வி இப்படி வீடு வீடா நடக்கும்னு யாரு கண்டா!

கோவிச்சுக்கிடாதேயும். உமக்கு ஒரு சேதி சொல்லுதேன். 2020-ல டெல்லியில பள்ளிப் பைக் கொள்கைன்னு ஒன்னு போட்டாங்க. ரெண்டாப்பு வரைக்கும் வீட்டுப்பாடமே கூடாது. மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது. நல்லாக் கேட்டுக்கிடும், நாளைக்கு இல்லை, வாரத்துக்கு. பையோட கனம் பிள்ளையோட எடையில பத்துல ஒரு பங்கு. உம்ம மகன் இருபது கிலோ இருந்தான்னா ரெண்டு கிலோ பை. அதுக்கும் ரெண்டு வருசம் முன்னாடி, 2018-லேயே, சென்னை ஐகோர்ட்டு ஒன்னாப்பு ரெண்டாப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் குடுக்காதீங்கன்னு சொல்லியாச்சு.

கோர்ட்டு சொன்னதைப் பள்ளிக்கூடம் கேட்டாலும் நம்ம ஊரு கேக்காது. நம்ம ஆர்.சி. தொடக்கப் பள்ளியில ஒரு சிஸ்டர் ஒரு வாரம் வீட்டுப்பாடம் குடுக்கலை. உடனே மடத்து வாசல்ல போயி நின்னது யாரு? “என்ன சிஸ்டர், பிள்ளைக்கு ஒன்னும் சொல்லிக் குடுக்கலையா? டவுன்ல கான்வென்டுப் பிள்ளைக நாலு நோட்டு எழுதுதே”ன்னு. அதுக்கப்பறம் அவுக என்ன செய்வாக? அஞ்சு தடவை எழுது, பத்துத் தடவை எழுதுன்னு குடுத்துட்டாக. இப்ப அதை எழுதுறது யாரு? வாசல்ல போயி நின்னவுகதான். வரத்தைக் கேட்டவுக சொமக்க வேண்டியதுதான்.

வீட்டுப்பாடம்ங்கிறது இங்கிலீசுக்காரன் கொண்டு வந்ததுன்னு நெனைச்சுக்கிட்டிருக்கீரா? நம்ம வேதக்காரங்க கதையில அது ரொம்பப் பழசு. 1542-ல சவேரியாரு முத்துக்குளித்துறைக்கு வந்தாரு. கையில மணியை ஆட்டிக்கிட்டு ஊருக்குள்ள நடப்பாரு, பிள்ளைக பின்னால வரும், மந்திரம் சொல்லிக் குடுப்பாரு. ‘பிள்ளைக என்னைச் செபம் பண்ண விடல, சாப்பிட விடல, தூங்க விடல, இன்னும் சொல்லிக் குடு சொல்லிக் குடுன்னு நிக்குதுக’ங்கிற மாதிரி அவரே கடுதாசி எழுதியிருக்காரு. அந்தப் பிள்ளைகளுக்கு அவரு குடுத்த வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? இன்னிக்குப் படிச்சதை வீட்டுக்குப் போயி அப்பன் ஆத்தாளுக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சொல்லிக் குடுத்துட்டு வா. அம்புட்டுத்தான். சிலேட்டு கெடையாது, நோட்டு கெடையாது, தெர்மாகோலும் கெடையாது. பிள்ளை வாத்தியாரு, அப்பன் மாணாக்கன். நீங்க அதைத் தலைகீழாப் புடிச்சிருக்கீக. அவன் செய்ய வேண்டியதை நீரு செய்யுதீரு. அவன் சொல்லிக் குடுத்து நீரு கேக்க வேண்டியதை யாருமே செய்யலை.

நான் செய்யுற களவாணித்தனத்தை உமக்குச் சொல்லுதேன், ஊருக்குள்ள பரப்பிராதேயும். சாயங்காலம் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வருவான். அவன் கஞ்சி குடிச்சு, தெருவுல ஓடி, ரெண்டு முட்டியையும் தேய்ச்சுக்கிட்டு வாற வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டேன். வந்து உக்காந்ததும் என் கண்ணாடியைத் தலையணைக்கு அடியில தள்ளிவிட்டுட்டு, “ஏலே, கண்ணாடியைக் காணோம், இந்தப் பேப்பர்ல மழை வருமான்னு போட்டிருக்கானா பாரு”ன்னு சொல்லுவேன். எழுத்துக் கூட்டி வாசிப்பான். “வங்... கக்... கட... லில்”ம்பான். நான் குறுக்க பேச மாட்டேன். தப்பா வாசிச்சாலும், “என்னது, காத்து அழுத்துதா, காத்தழுத்தத் தாழ்வா? சரியாக் கேக்கலையே”ன்னு காது மேல பழியைப் போட்டுருவேன். ரெண்டாந்தடவை அவனே பாத்துச் சரியா வாசிச்சிருவான். காதும் போச்சு கண்ணும் போச்சுன்னு அவன் என்மேல பரிதாபப்படுதான். படட்டும். தாத்தனுக்கு உதவி செய்யுதோம்னு அவன் வாசிக்கிறான், படிக்கிறோம்னு அவனுக்குத் தெரியாது. எடையிடையில கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஒரு துண்டு வரும். அதுவும் தினசரி கெடையாது. தினசரி குடுத்தா சம்பளமாயிரும். பின்னால தீபாவளி கிறிஸ்மஸ்னா போனஸ் கேப்பான்.

உம்ம அம்மா இருக்காகல்ல, எழுத்து வாசனை அறியாதவுக? வீட்டுல அதைவிடப் பெரிய சொத்து உமக்குக் கெடையாது. படிச்சவன் முன்னால பிள்ளை வாசிச்சா தப்புக் கண்டுபிடிப்பான். படிக்காத கெழவி முன்னால வாசிச்சா வாயைப் பொளந்துக்கிட்டுக் கேப்பா, “அடி ஆத்தே, அப்பறம்?”னுவா. அந்த ‘அப்பறம்’தான் வேணும். எந்தப் பயிற்சிக்குப் போன டீச்சருக்கும் அதை உம்ம அம்மா மாதிரிச் சொல்ல வராது. தினசரி ஆச்சிக்குப் பத்து நிமிசம் வாசிச்சுக் காட்டுன்னு பயலை அனுப்பும். ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பத்து நிமிசம் சீரியல் ஓடக் கூடாது. இந்த வீட்டுல வாசிப்புக்கு முதல் எதிரி உம்ம அம்மாதான், முதல் துணையும் அவுகதான். பேசிச் சரிக்கட்டுறது உம்ம சாமர்த்தியம்.

வாசிக்கிறான்னு சொன்னேனே, உம்ம மகன் உள்ளபடியே வாசிக்கிறானான்னு பாத்திருக்கீரா? நம்ம பிள்ளைக மனப்பாடத்துல கெட்டிக்காரப் பிள்ளைக. புதுநன்மைக்கு ஆயத்தம் பண்ணும்போது பாத்தீரே, விசுவாசப் பிரமாணத்தை மூச்சு விடாமச் சொல்லும். மாதா மன்றாட்டு மாலையில அம்புட்டுப் பட்டத்தையும் வரிசை மாறாம அடுக்கும். அதே தெறமையைத் தமிழ்ப் புத்தகத்துக்கிட்டயும் காட்டிரும். டீச்சர் வாசிச்சதைக் காதுல வாங்கி வச்சுக்கிட்டு, புத்தகத்தைப் பாத்த மாதிரியே தலையை ஆட்டி ஆட்டி ஒப்பிச்சிரும். உம்ம மகன் போன வாரம் என்கிட்ட ஒரு பக்கம் முழுக்கத் தண்ணிபட்ட பாடா வாசிச்சான். பக்கத்தைத் திருப்ப மறந்துட்டான், வாசிப்பு மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போயிருச்சு! அதனால கேட்டு ஏமாறாதேயும். நடுவுல ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்ன?”ன்னு கேளும். பாடப் புத்தகத்துல இல்லாத எதையாவது குடும். பஸ் போர்டு, விதைப் பாக்கெட்டு, கல்யாணப் பத்திரிகை, உரமூட்டை. அதுல வண்டவாளம் தெரிஞ்சிரும். தெரிஞ்சா அடிக்காதேயும். எந்த எழுத்துல முட்டுதுன்னு பாத்து டீச்சர்கிட்டச் சொல்லும்.

இதுக்குத்தான் சொல்லுதேன், நோட்டுல அவன் தப்பா எழுதுனா ரப்பர் வச்சு அழிச்சு நீரு திருத்தாதேயும். அந்தத் தப்பு டீச்சருக்குப் போக வேண்டிய தபாலு. நடுவுல பிரிச்சுப் படிச்சுக் கிழிச்சுப் போடுதீரு. நோட்டுப் பூராவும் சரியா இருந்தா, பிள்ளைக்கு எல்லாம் தெரியும்னு அவுக அடுத்த பாடத்துக்குப் போயிருவாக. தெரிஞ்சது உமக்கு, பரீட்சை எழுதுறது அவன். பரீட்சைக்கு உம்மையே உக்கார வைக்கச் சொல்லிச் சட்டம் வந்தா அன்னிக்கு உம்ம வழி சரி. அது வரைக்கும் பக்கத்துல உக்காரும், பேனாவைத் தொடாதேயும்.

நேரத்துக்கு வாறேன். நேரமில்லை நேரமில்லைன்னு ஒரு பாட்டு வச்சிருக்கீக. காலையில சமைக்கணும், ஊட்டணும்னு தாயி சொல்லுவா. 2024 ஜூலையில இருந்து நம்ம மாதிரிக் கிராமத்து உதவி பெறும் பள்ளிக்கும் காலைச் சாப்பாடு வந்தாச்சு, அந்தச் சாக்கும் போச்சு. சாயங்காலத்துக்குப் புதுசா டைம்டேபிள் போட்டு, கலர் பேனாவுல எழுதி, பீரோவுல ஒட்டியிருக்கீக. ஒட்டுன மறுநாளே அது பல்லிக்கு மறைவாயிருச்சு. வேதக்காரன் வீட்டுக்கு எதுக்குய்யா புதுசா டைம்டேபிளு? ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்குதா? மூவேளை செபத்துக்கு அடிக்கிற அந்த மணி, ஊருல எவன் கடிகாரமும் ஓடாத காலத்துல இருந்து ஓடுது. அதுதான் உம்ம வீட்டுக்கு டைம்டேபிளு. மணி அடிச்சதும் தெருவுல இருக்குற பய உள்ள வரணும், கைகால் கழுவணும், எல்லாருமா நின்னு செபம் சொல்லணும். சொல்லி முடிச்ச கையோட பாயை விரிச்சு நோட்டை எடுக்கணும். அரை மணி நேரம் போதும். மூணாப்புக்கு அதுக்கு மேல ஆச்சுன்னா ஒன்னு வீட்டுப்பாடம் கூடுதலு, இல்லைன்னா பய பென்சிலைத் தேடிக்கிட்டிருக்கான்.

பென்சில்னதும் ஞாபகம் வருது. தொலைஞ்ச பொருளைக் கண்டுபிடிச்சுக் குடுக்குறது அந்தோணியாரு வேலை, நமக்கெல்லாம் தெரியும். அவரோட சங்கீதப் புத்தகத்தை ஒரு சின்னத் துறவி தூக்கிட்டுப் போயி, அவரு செபம் பண்ணித் திரும்பி வந்துச்சுன்னு வரலாறு. அதுல இருந்துதான் அவருக்கு இந்த வேலை வந்து சேர்ந்துச்சு. ஆனா உம்ம வீட்டுப் பென்சில், ரப்பர், துருவி மூணையும் தினசரி சாயங்காலம் ஆறரை மணிக்கு அவரு தலையில கட்டுறது நியாயமா? கோடி அற்புதரே ஓய்ஞ்சு போவாரு. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுல மூணையும் போட்டு மாதா சுரூபத்துக்குக் கீழ வையும். முடிஞ்சதும் அங்கேயே திரும்ப வைக்கணும். பாதிச் சண்டை அதுலயே தீந்துரும்.

வாசிப்புக்கு வேற நேரம். ராத்திரி சாப்பிட்டுப் படுக்கைக்குப் போகுறதுக்கு முன்னால பத்து நிமிசம். வாரம் பூராச் சும்மா விட்டுட்டு ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி நேரம் கதவைச் சாத்தி, “வாசி”ன்னு உக்கார வைக்காதேயும். கரிசல் மண்ணு ஒரே நாள்ல கொட்டுற மழையைக் குடிக்காது. ஓடைக்குத்தான் அனுப்பும். நின்னு தூறுனாத்தான் உள்ள எறங்கும்.

அப்பறம் இந்தத் தண்டனை வெவகாரம். “சேட்டை பண்ணினியா, போயி புக்கை எடுத்து வாசி.” “பொய் சொன்னியா, முழங்கால்ல நின்னு பத்து அருள் நிறை மந்திரம் சொல்லு.” செபமும் புத்தகமும் ரெண்டும் பிள்ளைக்குப் பிரம்பு மாதிரி ஆயிப்போச்சு. புனித அகுஸ்தினாரு தன்னோட வரலாற்றை எழுதுனாரே, அதுல சின்னப்பிள்ளைக் கதை வருது. பள்ளிக்கூடத்துல அடி விழக் கூடாதுன்னு பிஞ்சு மனசோட சாமிகிட்ட மன்றாடுவாராம். அடி விழுறதைப் பாத்து வீட்டுப் பெரியவங்க சிரிப்பாங்களாம். மேற்றிராணியாரா ஆகி, நாப்பது வயசு தாண்டி எழுதும்போதும் அந்தச் சிரிப்பை மறக்கலை மனுசன். இன்னொன்னும் சொல்லுதாரு. லத்தீனைத் தாதிமாரு கொஞ்சலுக்கும் வெளையாட்டுக்கும் நடுவுல கத்துக்கிட்டேன், பயமில்லாம வந்துச்சு. கிரேக்கத்தை மெரட்டிக் கத்துக் குடுத்தாங்க, கசந்துச்சு. அம்புட்டுப் பெரிய மூளைக்கே அந்தக் கதின்னா, உமக்கும் எனக்கும் பொறந்ததுக எம்மாத்திரம்?

எதை வாசிக்கணும்னு கேக்குதீரு. இதுலதான் நீங்க எல்லாம் சாமியாருக்குச் சாமியாரா ஆயிருதீக. உம்ம சின்ன மச்சான் பழைய முத்து காமிக்ஸ் ஒன்னைக் குடுத்தான்னு பிடுங்கிப் பரண்ல போட்டீராமே? இந்தா இருக்குற சிவகாசியில 1972-ல தொடங்குன சரக்கு அது. இரும்புக்கை மாயாவியை வாசிச்சு எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டவங்க இந்தச் சுத்துப்பட்டியில கொள்ளைப் பேரு. படத்தைப் பாத்தா என்ன, பலூனுக்குள்ள எழுத்துத்தானே இருக்கு? பரண்ல இருந்து எறக்கும். இன்னிக்கு மாயாவியை வாசிக்கிறவன்தான் நாளைக்கு மத்தேயுவை வாசிப்பான். ஒன்னுமே வாசிக்காதவன் ரெண்டையும் வாசிக்க மாட்டான்.

லொயோலா இஞ்ஞாசியாரு கதை தெரியும்தானே? போர்வீரன். 1521-ல பாம்பலோனாக் கோட்டையில குண்டு பட்டுக் காலு நொறுங்கிப் படுத்துட்டாரு. பொழுது போகலை, வீரதீரக் கதைப் புத்தகம் இருந்தாக் குடுங்கன்னு கேட்டாரு. அந்தக் காலத்து மாயாவி! வீட்டுல அது இல்லை. இருந்தது கிறிஸ்துநாதர் வரலாறும் புனிதர்கள் வரலாறும். அதைக் குடுத்தாங்க. வாசிச்சாரு. அந்தப் படுக்கையில இருந்துதான் சேசு சபையே பொறந்துச்சுன்னு சொல்லணும். நல்ல புத்தகத்தோட மகிமைன்னு இதைப் பிரசங்கத்துல சொல்லுவாக. எனக்குப் படுறது வேற. அந்த வீட்டுல ஏதோ ரெண்டு புத்தகமாவது கெடந்துச்சே! உம்ம வீட்டுல ஒருத்தன் காலை ஒடிச்சுக்கிட்டுப் படுத்தா அவன் கைக்கு எது வரும்? ரிமோட்டுத்தான் வரும். அதே மனுசன் முப்பது வயசுக்கு மேல பார்சலோனாவுல சின்னப் பயலுகளோட பெஞ்சுல உக்காந்து லத்தீன் படிச்சாரு. பிள்ளையோட சேந்து படிக்கிறதுல வெக்கமில்லை, பிள்ளைக்குப் பதிலாப் படிக்கிறதுலதான் வெக்கம்.

உம்ம வீட்டுல புத்தகமே இல்லைன்னும் சொல்லிர முடியாது. கல்யாணத்துக்குப் பங்குச் சாமியார் குடுத்த திருவிவிலியம் பிளாஸ்டிக் உறை பிரிக்காம இருக்குன்னு நெனைச்சேன். அத்தை சொன்னா, உறையைப் பிரிச்சாச்சாம். உள்ள ரேசன் கார்டு, நகை அடகு ரசீது, பயலோட தடுப்பூசி அட்டை எல்லாம் இருக்காம். பரவாயில்லை, ஆண்டவரோட பாதுகாப்புல இருக்கு. ஆனா நம்ம பரம்பரையை யோசிச்சுப் பாரும். இந்தியாவுல இந்திய எழுத்துல அச்சான முதல் புத்தகம் எது? 1578-ல கொல்லத்துல அச்சடிச்ச தம்பிரான் வணக்கம். பதினாறே பக்கம், தமிழு, நம்ம ஞானோபதேசம். அச்சுப் புத்தகம்னா என்னன்னு நம்ம பக்கத்து ஊருகளுக்குத் தெரியாத காலத்துல நமக்குக் கையடக்கமா அச்சுல வந்துருச்சு. இன்னிக்கு நம்ம வீட்டுல வாசிக்கக் கெடைக்குறது வேளாங்கண்ணி மாதா காலண்டரு ஒன்னுதான், அதையும் ராகுகாலம் போட்டிருக்கான்னுதான் பாக்குதீக.

காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோயிலுக்கு ஆகஸ்டு 15-க்கு வருசா வருசம் வண்டி கட்டிப் போறோமே, அந்தப் பங்குல இருந்த வீரமாமுனிவரு எழுதுன பரமார்த்த குரு கதையைப் பயலுக்கு வாங்கிக் குடும். குருவும் அஞ்சு சீடப் பயலுகளும். ஆறு தூங்குதா முழிச்சிருக்கான்னு கொள்ளிக்கட்டையை வச்சுப் பாக்குறவங்க. ஆத்தைக் கடந்ததும் ஆளை எண்ணுவாங்க பாரும். எண்ணுறவன் ஒவ்வொருத்தனும் தன்னை விட்டுட்டு எண்ணுவான். ஒரு ஆளு கொறையும். ஆத்தோட போயிட்டான்னு ஒப்பாரி வைப்பாங்க. உம்ம வீட்டுலயும் அப்படித்தான் எண்ணிக்கை நடக்குது. “மூத்தவன் வாசிக்கணும், சின்னவ வாசிக்கணும், அக்கா மகன் வாசிக்கணும்.” எண்ணுற ஆளு போனைத் தடவிக்கிட்டே எண்ணுதாரு. ஒரு ஆளு கொறையுது மருமகனே, யாருன்னுதான் தெரியலை.

இங்கிலீசுல வாசிக்கட்டும், தமிழ் எதுக்குன்னு தாயி முணுமுணுக்குறது காதுல விழுது. எனக்குக் காது சமயத்துல நல்லாவே கேக்கும். வாத்தியார்மாருக்கெல்லாம் பாதுகாவலரு தெ லசால் அருளப்பரு, 1950-ல பாப்பரசர் அறிவிச்சாரு. அவரு காலத்துல பிரான்சு தேசத்துல பிள்ளைக்கு முதல்ல லத்தீன்ல வாசிக்கக் கத்துக் குடுப்பாக. புரியாத மொழியில எழுத்துக் கூட்டி, ஏழைப் பிள்ளைக பாதியில ஓடிப் போகும். அவரு பேசுற மொழியில முதல்ல வாசிக்கட்டும், லத்தீன் பின்னால வரட்டும்னு மாத்துனாரு. முந்நூறு வருசத்துக்கு முந்தின சேதி. நம்ம தெருவுக்கு இன்னும் வந்து சேரலை, வேன் மட்டும் காலையில ஏழு மணிக்கெல்லாம் வந்துருது. இங்கிலீசு வேண்டாம்னு நான் சொல்லலை. தமிழ்ல சிரிக்கச் சிரிக்க வாசிக்கிற பிள்ளைக்கு இங்கிலீசு பெரிய மலையில்லை. ரெண்டுலயும் எழுத்துக் கூட்டிக்கிட்டு நிக்கிற பிள்ளைக்கு ரெண்டுமே மலைதான்.

கோயிலையும் கொஞ்சம் உபயோகப்படுத்தும். பூசைக்கு வாசகம் வாசிக்க ஊருல ரெண்டே பேருதான் இருக்காப்புல, அவங்களே மாறி மாறி நிக்கிறாங்க. நாலாப்பு அஞ்சாப்புப் பிள்ளைகளுக்கு மாசத்துல ஒரு ஞாயிறு குடுங்கன்னு சாமிகிட்டக் கேளும். எந்த ஞாயிறு எந்த வாசகம்னு திருவழிபாட்டு நாள்காட்டியில முன்னாலயே போட்டிருக்கு. வாரம் முழுக்க வீட்டுல வாசிச்சுப் பழகலாம். ஊரு முன்னால மைக்குல நிக்கணும்னா தானா வாசிப்பான், நீரு சொல்ல வேண்டாம். பெந்தகோஸ்து ஞாயிறை மட்டும் சின்னப் பிள்ளைக்குக் குடுத்திராதேயும். பார்த்தர், மேதியர், எலாமியர், கப்பதோக்கியான்னு ஊரு பேரா வரும். பெரியவங்களுக்கே பல்லு ஆடிப்போகும். அதைக் கோயில் செயலாளருக்கு விட்டுரும், அவருக்கு மைக்குன்னா உசிரு. அன்பியக் கூட்டத்துலயும் அப்படித்தான். விவிலியப் பகுதியை ஒரு பிள்ளை வாசிக்கட்டும். பெரியவங்க அதுக்கப்பறம் பேசுற பேச்சை நிறுத்த முடியாது, வாசிப்பையாவது நல்ல குரல்ல கேப்போம்.

பரீட்சைக்கு முந்தின நாளு மெழுகுதிரியைத் தூக்கிக்கிட்டு ஓடுறதையும் சொல்லிருதேன். பரீட்சைக்காரங்களுக்குன்னு ஒரு புனிதரு இருக்காரு, குப்பர்த்தீனோ சூசையப்பரு. படிப்பு ஏறாத மனுசன், அவருக்கு நல்லாத் தெரிஞ்ச பகுதியிலயே கேள்வி விழுந்து தேறிட்டாருன்னு சொல்லுவாங்க. அவருக்காவது தெரிஞ்ச ஒரு பகுதின்னு ஒன்னு இருந்துச்சு. அதை மறந்துட்டு மெழுகுதிரியை மட்டும் ஏத்துனா அவரு எங்க போயிக் கேள்வியைத் தேடுவாரு?

சரி, எந்திரியும், வெயில் ஏறுது. போறதுக்கு முன்னால ஒரு வேலை. வீட்டுக்குப் போயி அந்தத் திருவிவிலியத்துல இருக்குற அடகு ரசீதையெல்லாம் எடுத்து வேற டப்பாவுல போடும். ‘தோபித்து’ன்னு ஒரு ஆகமம், நம்ம கத்தோலிக்க விவிலியத்துல இருக்கு. சின்னது, பதினாலே அதிகாரம். சாமி கதைன்னு பயகிட்டச் சொல்லாதேயும், நாய்க் கதைன்னு சொல்லும். நாய் உண்டு அதுல. சுவரோரமாப் படுத்திருந்த ஒரு கெழவன் கண்ணுல குருவி எச்சம் விழுந்து பார்வை போயிரும். அந்த எடத்துல பய விழுந்து விழுந்து சிரிப்பான், சிரிக்கட்டும், மெரட்டாதேயும். மகன் தோபியா தூர தேசத்துக்குக் கெளம்புவான். வழித்துணைக்கு ஒரு ஆளு வருவாரு, அவரு யாருன்னு நீரு உளறிராதேயும். பின்னாலேயே நாயும் போகும். தினம் ஒரு அதிகாரம். ஒரு நாள் நீரு வாசியும், ஒரு நாள் அவன் வாசிக்கட்டும், அவன் தெணறுற எடத்துல தாயி கைகுடுக்கட்டும்.

ஆறாம் அதிகாரத்துல ஆத்தங்கரையில காலைக் கழுவப் போவான், ஒரு பெரிய மீன் துள்ளி அவன் காலைக் கவ்வ வரும். அந்த எடத்துல பட்டுன்னு புத்தகத்தை மூடிரும். அப்பறம் என்னாச்சுன்னு தொளைச்செடுப்பான். கொட்டாவி விட்டுட்டுத் திரும்பிப் படுத்துக்கிடும். புத்தகத்தை மட்டும் அவன் கைக்கு எட்டுற எடத்துல வையும். காலையில என்கிட்டத்தான் ஓடி வருவான். தோபித்துன்னு ஒரு ஆகமத்தை நான் கேள்விப்பட்டதே இல்லைன்னு அடிச்சுச் சொல்லிருவேன். பொய்தான். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல பாத்துக்கிடுதேன்.